மச்சாளின் பேரை வைக்கலாமோ

நான் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது ஒரு பின்னேரம் என் கணவர் கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்து, துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பேர் முடிவெடுத்திட்டன். ஆம்பிளையெண்டாலும் பொம்பிளையெண்டாலும் சிவக்கொழுந்து."

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. துவாயைக் கொடியில் போட்டுவிட்டு, "தேத்தண்ணி ஊத்திறீரோ?" என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது, மனிசன் உண்மையாகத்தான் சொல்கிறார் என்று.

சிவக்கொழுந்து அவருடைய அக்காவின் பேர். எனக்கு மச்சாள். அனலைதீவில் தனியாக இருக்கிறா. இவர் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே தாய் தவறிப்போக, மச்சாள்தான் இவரை வளர்த்து ஆளாக்கினவ. புகையிலைத் தோட்டத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினதும், இவரை ஊர்காவற்றுறைக்குப் படகில் அனுப்பிப் படிப்பித்ததும் அவதான். கலியாணம் செய்யவில்லை. அதைப் பற்றி அவவும் கதைப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

எனக்கும் அவவுக்கும் இடையில் வேறொரு கணக்கு இருந்தது. எங்கள் முதல் பிள்ளை வயிற்றிலேயே தவறிப்போனது. அந்த நேரம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஆறுதல் சொன்னார்கள். மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை. தோட்டத்தைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு பையோடு எங்கள் புளியங்கூடல் வீட்டுக்கு வந்து, நான் எழும்பி நடமாடும் வரைக்கும் சமைத்துத் தந்தா, தலை சீவி இழுத்துவிட்டா, நான் அழும்போது பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்தா. அந்த மனிசியின் பேரை என் பிள்ளைக்கு வேண்டாம் என்று நான் எந்த வாயால் சொல்வது?

ஆனால் வேண்டாம் என்றுதான் இருந்தது.

நான் வேலணைப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். தினமும் காலையில் பிள்ளைகளின் பேரைக் கூப்பிடுவதுதான் என் முதல் வேலை. இப்போதைய பேர்களில் 'ஷ'வும் 'ஜ'வும் இல்லாத பேரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். கூப்பிடும்போது எனக்கே நாக்குப் புரளும். சில பிள்ளைகள் ஆண்டு இறுதி வரைக்கும் தங்கள் பேரைச் சரியாக எழுதமாட்டார்கள். அப்படி இருந்தும் அந்தப் பேர்களுக்கு ஒருவரும் சிரிப்பதில்லை. அவை புதுசு. சிவக்கொழுந்து பழசு. மச்சாள் பிறந்த காலத்திலேயே அது பழைய பேர்தான். இந்த வரிசைக்கு நடுவில் அதைக் கொண்டுபோய் வைத்தால், கலியாண வீட்டில் எல்லாரும் பட்டுச்சேலையோடு நிற்க ஒருத்தி மட்டும் கைத்தறிச் சேலையோடு வந்து நின்றது போல இருக்கும் என்று எனக்குப் பட்டது.

கனடாவில் இருக்கும் என் தம்பியிடம் சொன்னேன். அவன் தொலைபேசியிலேயே விழுந்து விழுந்து சிரித்தான்.

"அக்கா, அந்த 'ழ'வுக்கு இங்கிலிசிலை என்ன எழுத்துப் போடப்போறாய்? இஞ்சை வந்தால் ஒரு வெள்ளைக்காரன்ரை வாயிலும் வராது. எங்கடை பிள்ளையளின்ரை வாயிலையே வராது."

"ஆர் அங்கை வாறதெண்டு சொன்னது?" என்று கோபமாகக் கேட்டேன். ஆனாலும் அவன் சொன்னது மனதில் தங்கிவிட்டது.

பிறகு ஒரு நாள் வகுப்பில் ஒரு வேலை செய்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பேர் கூப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளைப் பார்த்து, "எங்கடை வகுப்புக்கு ஒரு புதுப்பிள்ளை வரப்போகுது. பேர் சிவக்கொழுந்து" என்றேன். யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கத்தான்.

முதலில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெடியன் கேட்டான், "ரீச்சர், அது ஆம்பிளைப் பிள்ளையோ, பொம்பிளைப் பிள்ளையோ?"

"இன்னும் தெரியாது" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அதற்குள் முன்வரிசை வாங்கில் இருந்த ஒரு சின்னப் பெண் கையை உயர்த்தினாள். "ரீச்சர், தேயிலைக் கொழுந்தோ?"

பிழை என்னுடையதுதான். அதற்கு முந்தின கிழமைதான் மலைநாட்டைப் பற்றிப் படிப்பித்து, பெண்கள் கூடையோடு கொழுந்து பறிக்கிற படம் காட்டியிருந்தேன். "கூடை கொண்டு வருமோ ரீச்சர்?" என்று இன்னொருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. மேசையில் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். வயிற்றுக்குள் பிள்ளை அசைந்தது.

அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். "எனக்கு உங்கடை அக்காவிலை எவ்வளவு பாசம் எண்டு உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேர் ஏலாது. பிள்ளை பள்ளிக்கூடத்திலை படுற பாட்டை நான்தான் பாக்கவேணும்."

 சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அக்காவுக்கு நான் சொல்லிப்போட்டன். இனி வேண்டாமெண்டால் நீர்தான் சொல்லவேணும். எனக்கு ஏலாது."

அதற்குப் பிறகு எங்களுக்குள் அந்தப் பேச்சு எழவில்லை.

பிள்ளை யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. முதல் பிள்ளைக்குப் பிறகு நான் ஒவ்வொரு நாளும் பயந்தபடி இருந்தேன். அவள் அழுத சத்தம் கேட்டதும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தாதி, "ஏன் அம்மா நீங்களும் அழுறியள்?" என்று கேட்டா. அந்த நேரம் பேர் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. பேர் இல்லாமலே அவள் போதுமானவளாக இருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு பேர் திரும்பவும் வந்து நின்றது. முப்பத்தோராம் நாள் துடக்குத் தீட்டுக் கழித்து, பிள்ளைக்குப் பேர் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கிழமை இருக்கும்போது மச்சாள் அனலைதீவிலிருந்து வந்து இறங்கினா. பையில் பிள்ளை பெத்தவளுக்குக் கறி வைக்கத் தானே இடித்த சரக்குத்தூளும் நல்லெண்ணெய்ப் போத்தலும் இருந்தன. வந்ததும் கைகால் கழுவி, பிள்ளையை மடியில் வாங்கி, வெகுநேரம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. "தம்பியின்ரை நெத்தி" என்றா. பேரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவ கேட்காதது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

அடுத்த நாள் முற்பகல், கணவர் வேலைக்குப் போயிருந்தார். குசினியில் சரக்குக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. நான் அதன் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து மனதைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"மச்சாள், ஒண்டு சொல்லவேணும். நீங்கள் குறை நினைக்கக்கூடாது."

"நானும் ஒண்டு சொல்லத்தான் இருந்தனான்" என்றா, அகப்பையால் கறியைத் துழாவியபடி. "நீர் முதல் சொல்லும்."

"இல்லை, நீங்கள் சொல்லுங்கோ."

அவ அகப்பையைச் சட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினா. "தம்பி என்ரை பேரைப் பிள்ளைக்கு வைக்கப்போறன் எண்டு சொன்னவன். பிள்ளை, உமக்குப் புண்ணியமாப் போகும், எப்பிடியாவது அதை மறிச்சுப்போடும். நான் வேண்டாமெண்டால் அவன் அழுதுபோடுவான். நீர் சொன்னதாய் இருக்கட்டும்."

 எனக்குச் சிரிப்பு வந்தது. தையல் நோகும் என்று வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தேன். நான் சொல்ல வந்ததும் அதுதான் என்று விளங்கினதும் மச்சாளும் சிரித்தா. அவ அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

பிறகு சொன்னா. அவவுக்கு ஒரு சம்பந்தம் வந்ததாம். மாப்பிள்ளையின் தாய் வந்து இவவைக் கண்டதும், "பேரைக் கேட்டிட்டு வயசு போன ஆளெண்டெல்லோ நினைச்சனாங்கள்" என்றாவாம். பகிடியாகத்தான் சொன்னதாம். சம்பந்தம் சரிவராததற்குப் பேர் காரணமில்லை, ஆனாலும் அந்தச் சொல் போகவில்லை. இன்னொரு முறை கண் வைத்தியத்துக்காகத் தெற்கில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறா. நம்பர் சொல்லாமல் பேரைத்தான் கூப்பிட்டார்களாம். சிங்கள வாயில் உருமாறி வந்த பேர் தன்னுடையது என்று அவவுக்கு விளங்கவில்லை. எல்லாரும் போய் முடியும் வரைக்கும் வாங்கிலேயே இருந்திருக்கிறா.

"எல்லாரும் வெட்டித்தான் கூப்பிடுவினம்" என்றா. "பள்ளிக்கூடத்திலை கொழுந்து. ஊரிலை சிவம். ஒருத்தரும் முழுசாச் சொன்னதில்லை. பிள்ளைக்கு இந்தக் கரைச்சல் வேண்டாம்."

பின்னேரம் கணவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மச்சாள் சொல்லிவிட்டா: "தம்பி, நாங்கள் ரெண்டுபேரும் கதைச்சு முடிவெடுத்திட்டம். அந்தப் பேர் வேண்டாம்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அக்கா, நீங்கள் ஆசைப்படேல்லையோ?"

"நான் எப்ப ஆசைப்பட்டனான்?"

"நான் ரெலிபோனிலை சொல்லேக்கை ஒண்டும் பேசாமல் இருந்தனீங்கள். சந்தோசத்திலை கதை வரேல்லை எண்டு நினைச்சன்."

"பயத்திலை கதை வரேல்லையடா."

அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "எனக்கும் அந்தப் பேர் ஒருமாதிரித்தான் இருந்தது. உங்களுக்குச் செய்யவேணும் எண்டுதான்" என்றார். மூன்று பேரும் அந்தப் பேரை மற்றவருக்காகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறோம். அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் நல்ல சிரிப்பு. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

அடுத்த நாள் என் அம்மா வந்தா. நடந்ததைக் கேட்டுவிட்டு உடனே ஒரு வழி சொன்னா. "அப்ப 'தளிர்' எண்டு வையுங்கோ. இப்ப எல்லாரும் வைக்கினம். வடிவான தமிழ்ப் பேர். கொழுந்தும் தளிரும் ஒண்டுதானே. மச்சாளின்ரை பேரை வைச்ச மாதிரியும் இருக்கும்."

எனக்கு அது மிகவும் பிடித்தது. சின்னப் பேர். யாரும் சிரிக்கமாட்டார்கள். தம்பியின் வெள்ளைக்காரர்களும் ஒருவாறு சொல்லிவிடுவார்கள். நான் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன்.

மச்சாள் பிள்ளையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தா. "நல்ல பேர்தான்" என்றா. இன்னொரு சட்டையை எடுத்து உதறினா. பிறகு, சிரித்துக்கொண்டுதான், சொன்னா: "அப்ப என்ரை பேரைத் தோய்ச்சு வெளுத்து வைக்கப்போறியள், என்ன?"

அம்மாவும் சிரித்தா. ஆனால் மத்தியானம் மச்சாள் சோற்றை அளைந்துவிட்டு எழும்பினா. கை கழுவும் இடத்தில் நான் பக்கத்தில் போய், "மச்சாள், கோவமோ?" என்று கேட்டேன்.

"கோவமில்லை பிள்ளை. நீங்கள் வேறை என்ன பேர் வைச்சாலும் எனக்குச் சந்தோசம். என்ரை பேரை வைக்கிறதெண்டால் வையுங்கோ, இல்லாட்டி விடுங்கோ. என்ரை பேர்தான், ஆனால் என்ரை பேரில்லை எண்டு ஒண்டை வையாதேயுங்கோ." சொல்லிவிட்டுத் தன் கண்ணைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு, "சவுக்காரம் பட்டிட்டுது" என்றா.

நான் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பேர் வேண்டாம் என்று அவவே சொன்னா. அதற்காக அவவுக்கு அந்தப் பேரில் பாசம் இல்லை என்று ஆகாது. அறுபது வருசமாக அவவோடு இருக்கிற பேர்.

இரண்டு நாட்கள் தளிருமில்லை, வேறொன்றுமில்லை. அம்மா சொன்ன பேர்கள் ஒன்றும் எனக்கு ஒட்டவில்லை. மூன்றாம் நாள் காலை, முற்றத்து வேம்புக்குப் பக்கத்தில் பிள்ளைக்கு இளவெயில் காட்டிக்கொண்டிருந்தேன். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தாயோடு வந்தாள். அதே தேயிலைக் கொழுந்துக்காரி. பால்மாப் பெட்டியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டு வந்திருந்தார்கள். சின்னவள் பிள்ளையின் காலை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"ரீச்சர், சிவக்கொழுந்து எப்ப வரும்?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. "எந்தச் சிவக்கொழுந்து?"

"எங்கடை வகுப்புக்கு வாறதெண்டு சொன்னீங்களெல்லோ. உங்களுக்குப் பதிலா வந்த புது ரீச்சர் அப்பிடி ஒராளும் இல்லையெண்டுறா. நாங்கள் வரும் எண்டு சொன்னனாங்கள். எனக்குப் பக்கத்திலைதான் இடம் விட்டிருக்கிறம்."

அவள் அந்தப் பேரைக் கொஞ்சமும் தடுக்காமல், 'ழ' அச்சொட்டாக, முழுசாகச் சொன்னாள். தன் சொந்தப் பேரை எழுதத் தெரியாத பிள்ளை.

"வந்தால் சிரிக்கமாட்டியளோ?" என்று கேட்டேன்.

"ஏன் சிரிக்கிறது?"

"அண்டைக்கு எல்லாரும் சிரிச்சனீங்களெல்லோ."

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். "அது அண்டைக்கு, ரீச்சர்."

அவர்கள் போன பிறகு நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வேம்படியில் இருந்தேன். இவ்வளவு மாதமும் நான் பயந்த சிரிப்பு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு காலைப்பொழுதுகூடத் தாக்குப்பிடித்திருக்காது. பிறகு அது அவர்களுக்கு ஒரு பேராகிவிட்டது. வராத பிள்ளைக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். நான் மடியில் கிடந்தவளைப் பார்த்து, முதல்தரமாக, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் கொட்டாவி விட்டாள். பேர் அவளுக்குப் பெரிதாகவும் இல்லை, பழசாகவும் இல்லை. இனி யாருக்காகவும் அதை வைக்கத் தேவையில்லை என்றான பிறகுதான், அது நல்ல பேர் என்று என் காதுக்குக் கேட்டது.

உள்ளே போய் மச்சாளிடம் சொன்னேன். "மச்சாள், எனக்கு உங்கடை பேர் வேணும்."

"உமக்கென்ன விசரோ? மறிக்கச் சொல்லி நானெல்லோ கேட்டனான்."

"அப்ப கட்டாயம் வைக்கவேணும் எண்டு இருந்தது. இப்ப எனக்கு ஆசையாக் கிடக்கு. முழுப்பேரும். ஒரு எழுத்தும் வெட்டமாட்டம்."

அவ நம்பவில்லை. கணவரைக் கூப்பிட்டு, "இவ உண்மையாத்தான் சொல்லுறாவோ?" என்று கேட்டா. அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "உண்மைதான் அக்கா. இந்தமுறை நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை" என்றார். மச்சாள் கொஞ்சம் யோசித்தா. "வெட்டிக் கூப்பிட்டியள் எண்டால் நான் அடுத்த படகிலை வந்து சண்டை பிடிப்பன்" என்றா. அதுதான் அவவுடைய சம்மதம்.

முப்பத்தோராம் நாள் பிள்ளையின் காதில் பேர் சொல்ல அவவைத்தான் கூப்பிட்டோம். புதுச்சேலை உடுத்து, பிள்ளையைத் தூக்கி, காதுக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனவ, அப்படியே நின்றுவிட்டா.

"என்ன மச்சாள்?"

"வாய் வருகுதில்லை. என்ரை பேரை நான் ஒருநாளும் கூப்பிட்டுப் பாக்கேல்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவவும் சிரித்தா, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரையோ தூரத்திலிருந்து கூப்பிடுவது போலக் கொஞ்சம் இழுத்து, "சிவக்கொழுந்து" என்றா. காதுக்குள் சொல்ல வேண்டியதை வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டா. பிள்ளை திடுக்கிட்டு அழத் தொடங்கியது.

தம்பி சொன்ன இங்கிலிஷ் எழுத்துப் பிரச்சினையை நாங்கள் பிறப்புப் பதியப் போன இடத்தில் தீர்த்தோம். பதிவாளர் இரண்டு விதமாக எழுதிக் காட்டி, "எது வேணும்?" என்று கேட்டார். சின்னதாக இருந்ததைத் தெரிந்தெடுத்தோம். தம்பி தொலைபேசியில் இப்போதும் பகிடி பண்ணுவான். ஆனால் அவனுடைய மகள் கணினித் திரையில் என் மகளைக் காணும்போதெல்லாம் அந்த 'ழ'வோடு மல்லுக்கட்டி, சிலவேளை வெல்வாள்.

இப்போது அவளுக்கு நாலு வயது. இந்த வருசம் முன்பள்ளியில் சேர்த்தோம். முதல் நாள் அவளைக் கதிரையில் இருத்திவிட்டு நான் வெளியே மதிலோரம் நின்றேன். பயம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். உள்ளே ஆசிரியை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டா. 'ஷ' பேர்களும் 'ஜ' பேர்களும் போயின. "சிவக்கொழுந்து" என்றா. "ஓம்" என்று என் மகள் பெரிய சத்தமாகச் சொன்னாள்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆசிரியை அடுத்த பேரைக் கூப்பிட்டா.

நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு என் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டேன். போகும் வழியில் நிறுத்தி மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்து, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொன்னேன். அவ தோட்டத்தில் நின்றிருக்க வேண்டும், காற்று இரைந்தது. "சாப்பிட்டிட்டுத்தானே போனவள்?" என்று கேட்டா. ஓம் என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டா.